ஜப்தி ஆன மாடும் ஆர்டரில் இல்லாத கன்றும்

மார்ச் 4, செவ்வாய்

இந்த டைரி என் தம்பி நடத்தின பைனான்ஸ் கம்பெனியில் கொடுத்தது. அட்டையில் மோகனசுந்தரம் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். இன்றைக்கு வந்த அதிகாரிகள் இதை பீரோவிலிருந்து எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "எழுதவே இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடந்தால்தானே கேட்பார்கள், எழுதித்தான் வைப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய டைரி. தேதியை அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

தம்பி ஜெயிலுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் பங்களா, காடு, கார் எல்லாம் ஏற்கெனவே ஜப்தி ஆகிவிட்டது. ஜனங்களை ஏமாற்றின பணத்தில் வாங்கியது என்றால் அது யார் வீட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறதாம். "இது என்ர மில்லு சம்பளத்துல கட்டுன வூடுங்க" என்று இவர், என் வீட்டுக்காரர், பத்திரம், லோன் ரசீது எல்லாம் எடுத்துக் காட்டினார். பார்த்துவிட்டு வீடு வேண்டாம் என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஜெபசிங் என்று ஒரு சின்ன வயசு அதிகாரி, தூத்துக்குடிப் பக்கமாம், செல்போனில் ஒரு வீடியோ ஓட்டிக் காட்டினார். எங்கள் புதுமனை புகுவிழா வீடியோ. "பொறந்த வூட்டுச் சீரு! அக்கா துளசிமணிக்குத் தம்பி மோகனசுந்தரம் குஜராத்துல இருந்து தருவிச்ச கிர் மாடு ஒண்ணு!" என்று மைக்கில் ஒருவன் கத்துகிறான். இன்னொரு தரம் சொல்லச் சொல்லி நான் கை காட்டுவதும் அதில் தெரிகிறது. நாத்தனார்மார் காதில் விழ வேண்டாமா பின்னே?

மாடு வாங்கின பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து போயிருக்கிறதாம். ஆக, எங்கள் வீட்டில் ஜப்தி ஆனது மகாராணி.

"ஒரு மாடு, செம்பழுப்பு நிறம், திமில் உள்ளது" என்று எழுதிக்கொண்டார்கள். காது வில்லையில் இருக்கிற நம்பரைக் குறிக்க வேண்டும். ஜெபசிங் கட்டுத்தரை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடிக்குமாம்மா?"

"மாடு கடிக்காதுங் சார், முட்டும்" என்றேன்.

கடைசியில் இவர்தான் போய்க் காதைப் பிடித்து நம்பரைப் படித்துச் சொன்னார். "மாட்டோட ஆதாரு நம்பருங்" என்று வேறு கிண்டல். மாட்டை லாக்கரில் வைத்துப் பூட்ட முடியாது இல்லையா, அதனால் கோர்ட் கேட்கும்போது ஒப்படைக்கிறேன் என்று என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். என் மாட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. மகாராணி ஆறு மாசச் சினை.

மார்ச் 5

தவிடு தீர்ந்துவிட்டது. கடைக்காரன், "சர்க்காரு மாட்டுக்கு சர்க்காரு தவிடு தராதாங்கக்கா?" என்று கேட்டான். நன்றாகக் கிழித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17

பெரிய நாத்தனார் வந்தார். காபி கொடுக்கும்போது வழக்கம்போல, "தம்பி வூட்டுப் பாலுங்க, குடிச்சுப் பாருங்க" என்றேன். யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நாத்தனார் டம்ளரை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு காபி வேண்டாம் துளசி" என்றார். அவர் சுகர்காரர். அதனால்தான் இருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனிக்குப் பழம் வாங்கப் போனபோது ரத்தினாமணி எதிரே வந்தாள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீதிக் கடைசி வீடு. முன்னெல்லாம் ஒட்டுக்கா கோயிலுக்குப் போவோம், ஒட்டுக்கா புல் அறுப்போம். இப்போது என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் கட்டுத்தரையில் ரெண்டு மாடு நின்றது. அதை விற்று தம்பி கம்பெனியில் போட்டாள். நான் போடு என்று சொன்னேனா? என் தம்பி தங்கமானவன் என்று சொன்னேன். அது பொய்யா? சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அதைத்தான் சொன்னேன்.

பால் வற்றிவிட்டது. இனி கன்று போட்ட பிறகுதான்.

மே 9

மாட்டைச் சோதிக்க ஜெபசிங் மட்டும் வந்தார். மகாராணியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா, எவ்வளவு குண்டாயிருச்சு" என்றார். இவர் திரும்பி நின்று சிரித்தார். நான் மோர் கொடுத்தேன், சொசைட்டிப் பாலில் போட்டது.

"சார், உங்க ஊருல மாடு இல்லீங்ளா?"

"எங்க ஊர்ல போட்டுதாம்மா. அப்பா கடலுக்குப் போறவரு."

பாவம், கல்யாணம் ஆகவில்லையாம். ஓட்டலில்தான் சாப்பாடு. அடுத்த தரம் வந்தால் ஒரு வாய் சோறு போட வேண்டும். ஜப்தி பண்ண வந்தால் என்ன, பசி பசிதானே.

ஜூன் 12, வியாழன்

கிடேரிக் கன்று! அம்மாவின் நிறம் அப்படியே. நெற்றியில் மட்டும் விபூதி பூசின மாதிரி ஒரு வெள்ளை. காது ரெண்டும் தோளில் போட்ட துண்டாகத் தொங்குகிறது. விடியும்போது ஈன்றாள். இவர் தொழுவத்தில் குந்தியபடி, "வந்துட்டியா கண்ணு, வந்துட்டியா சாமி" என்று கொஞ்சின கொஞ்சலைப் பார்க்க வேண்டும். எங்கள் பெண் பிறந்தபோது மில்லில் நைட் ஷிப்டு என்று மறுநாள் வந்த மனுஷன் இவர்.

ஜூன் 13

சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு வீதியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். ரத்தினாமணி வீட்டுக்கும் ஒரு சொம்பு. இவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டாளாம். சாயந்திரம் சொம்பு திண்டின் மேல் இருந்தது, கழுவிக் கவிழ்த்து. வெறும் சொம்பு. நம் பக்கத்தில் யாராவது பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு பிடி அரிசியோ, நாலு பச்சை மிளகாயோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அவளுக்குத் தெரியாததா அது.

ரொம்ப நேரம் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 24

ஜெபசிங் வந்தார். கன்றைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"அது எப்பவுமே உள்ளதானுங் இருந்துச்சு" என்றார் இவர்.

ஆர்டரில் ஒரு மாடு என்றுதான் இருக்கிறதாம். கன்றும் குற்றத்தில் வந்த சொத்தா, இல்லையா? மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். கன்று அவர் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது. மனுஷன் கையை எடுக்கவே இல்லை. கீரைக் கடைசலும் சோறும் போட்டேன். ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இவர் கன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார். அம்மா ஜப்தியில் இருக்கிறாள், மகள் வெளியே துள்ளிக்கொண்டு திரிகிறாள், அதனால் ஜாமீன். "பொட்டைக் கன்னுக்கு வைக்கற பேராங்க இது?" என்று சத்தம் போட்டேன். ஆனால் "ஜாமீனு" என்று கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். மேலிடத்திலிருந்து கன்றைப் பற்றி ஒரு பதிலும் இல்லை.

ஆகஸ்ட் 18

நோட்டீஸ் வந்துவிட்டது. உயிருள்ள ஜீவனை வழக்கு முடியும் வரை கட்டி வைத்திருக்க முடியாது, ஏலம் விட்டு அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கட்டி வைக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு. பணம் போட்டு ஏமாந்தவர்களுக்குப் பின்னால் பிரித்துக் கொடுப்பார்களாம். 28ஆம் தேதி ஏலம். குற்றவாளியின் சொந்தக்காரர்கள் ஏலம் கேட்கக் கூடாது.

ஜெபசிங்கே கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கன்னு ஆர்டர்ல இல்லம்மா. நான் தொட்டா என் மேல தப்பாயிரும். அது உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"பால் குடிக்கற கன்னைப் பிரிச்சு மாட்ட மட்டும் விப்பாங்களா சார்? இந்த ஜாதி மாடு கன்னு ஊட்டலீன்னா ஒரு சொட்டு பால் உடாதுங்."

"எனக்கு உங்களால தெரியுது. ஆர்டர் எழுதுனவங்களுக்குத் தெரியணுமே."

போகும்போது மகாராணியின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். மார்ச்சில் வாசலிலேயே நின்ற ஆள்.

ஆகஸ்ட் 19

மாட்டை விட முடியாது. எழுதுகிறேனே, விட முடியாது. எனக்கென்று தம்பி செய்த சீர் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாருக்கு எப்படியோ, எனக்கு அவன் ஆசையாகத்தான் கொடுத்தான்.

வளையல் நாலையும் அடகு வைத்தேன். தரகர் குப்பண்ணனிடம் பேசிவிட்டேன். அவர் பெயரில் ஏலம் எடுத்து எனக்குக் கொண்டுவந்து கட்டிவிடுவார். குப்பண்ணன் என்ன எனக்குச் சொந்தமா, பந்தமா?

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "இன்னொருத்தன் பேருல வாங்கறது... உன்ர தம்பியும் இப்படித்தான் ஆரம்பிச்சான் துளசி."

ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ் முன்னால் ஏலம். மகாராணியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் பின்னால் திரும்பித் திரும்பி ஜாமீனைக் கூப்பிட்டாள்.

கூட்டமான கூட்டம். நாலைந்து தரகர்கள் வந்திருந்தார்கள். ஜெபசிங் நாற்காலியில் உட்கார்ந்து, "சர்க்கார் விலை இது. மேலே கேட்கிறவங்க கேக்கலாம்" என்று சத்தமாகப் படித்தார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் சொல்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? சந்தையில் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தானே பேசுவார்கள். குப்பண்ணன் நேராக ஜெபசிங்கிடம் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தார். ஜெபசிங் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க? வாயால சொல்லுங்க!"

"நாலு பேரு முன்னால எப்படிங் சார் சொல்றது? மருவாதி இல்லீங்ளே."

மற்ற தரகர்களும் அப்படியே. அங்கங்கே துண்டை விரித்து அவர்களுக்குள் விரல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் தூரத்திலிருந்து குப்பண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அந்த மனுஷன் துண்டை மடித்து, உதறி, திரும்ப மடிக்கிறார்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கணீரென்று வந்தது. சர்க்கார் விலைக்கு மேலே ஆயிரம் வைத்துக் கேட்டது. ரத்தினாமணி! சொசைட்டியில் லோன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பொம்பளைக்கு யார் துண்டு போடப் போகிறார்கள்? அவள் பாட்டுக்கு வாயால் கேட்டாள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"இருங் சார், இருங் சார்" என்று குப்பண்ணன் துண்டோடு ஓடினார். ஜெபசிங் திரும்பக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூணு தரம். முடிந்துவிட்டது.

கயிற்றை நான்தான் அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது, ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தானே. அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் குப்பண்ணன் வந்து வளையல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கவலப்படாதீங்க. கன்னு உங்க கிட்டத்தான இருக்குது? கன்னைக் கண்ணுல காட்டாதீங்க. நாலே நாளு, மடி கட்டி, பால் எறங்காம, அந்தம்மாளே பாதி விலைக்கு மாட்டைக் கொண்டாந்து கட்டிட்டுப் போயிரும்" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயந்திரம் பால் கறக்கிற நேரத்துக்கு அந்தக் கடைசி வீட்டிலிருந்து மகாராணி கத்தினாள். இங்கே ஜாமீன் பதிலுக்குக் கத்தியது. டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இவர் எழுந்துபோய் டி.வி.யை அணைத்துவிட்டுக் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சொசைட்டிப் பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்று தள்ளிவிடுகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போய்த் தம்பியை மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். போன வாரமே பதிந்து வைத்தது. முறுக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொண்டுபோனேன், உள்ளே விடவில்லை.

தம்பி மெலிந்திருக்கிறான். முடி முன்னால் கொட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும், "அக்கா, ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட? மச்சான் சோறு போடறதில்லையா?" என்றான். அவன் அப்படித்தான். தன்னை மறந்துவிட்டு என்னைத்தான் கேட்பான்.

"மகாராணி எப்படி இருக்கறா?"

"ஏலம் போயிருச்சு சாமி. கன்னு மட்டும் எங்ககிட்ட நிக்குது."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நான் அழ, அந்தப் பக்கம் அவன் அழ, இவர் நடுவில் நின்று மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எடுத்தாங்கக்கா?"

"நம்ம ரத்தினாமணி."

"எந்த ரத்தினாமணி?"

இவர்தான் சொன்னார். "எதுத்த வீதி ரத்தினாமணி மாப்ள. நம்ம வூட்டு விசேசத்துக்கு அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவ. ரெண்டு மாட்டை வித்து உன்ர கிட்டப் போட்டவ."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "எத்தனையோ பேரு போட்டாங்க மச்சான்... யாருன்னு ஞாபகம் வெச்சுக்கறது" என்றான். அப்புறம், "கன்னு என்ன நெறம்க்கா?" என்று ஆசையாகக் கேட்டான்.

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். செம்பழுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் என்றைக்கும் என் தம்பிதான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ்ஸில் இவர் கடலை வாங்கிக் கொடுத்தார். உரித்து உரித்துக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன், தின்னவில்லை.

வீடு வந்து சேரும்போது பால் கறக்கிற நேரம். மகாராணி கத்துகிற சத்தம் வீதி முனையிலேயே கேட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு. செருப்பைக்கூட கழற்றாமல் நேராகக் கட்டுத்தரைக்குப் போய் ஜாமீனை அவிழ்த்தேன்.

"நான் வரட்டுமா?" என்றார் இவர்.

"வேண்டாங்க."

கன்று என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் பின்னாலேயே ஓடினேன். வீதியே பார்த்தது. ரத்தினாமணி கட்டுத்தரையில் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மாட்டின் மடியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதிருந்தாள். மடி கல்லாகக் கிடந்தது. கயிற்றை விட்டேன். ஜாமீன் பாய்ந்துபோய் முட்டி முட்டிக் குடித்தது. மகாராணி அதை நக்கி நக்கி, வால் வரைக்கும் நக்கினாள். சற்று நேரத்தில் நாலு காம்பிலும் பால் தானாகச் சொட்டியது.

"ரத்தினா, நான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல கன்னை இழுத்துப் புடிங்க்கா. எல்லாத்தையும் அதுவே குடிச்சுரும்போல" என்றாள்.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அக்கா என்றாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் கறந்தாள். சொம்பில் பால் நுரை கட்டி ஏறியது.

கறந்து முடித்ததும் ஜாமீனை அவிழ்த்து அம்மாவுக்குப் பக்கத்து முளையில் கட்டினேன். முடிச்சை இறுக்கிப் போட்டேன்.

"கன்னை ஓட்டிக்கிட்டுப் போகலீங்ளா?" என்றாள் ரத்தினாமணி. "அது உங்களுதுன்னு ஆபீசர் சொன்னாரே."

"ஆர்டருல இல்லாத கன்னு. யாரு வூட்டுல நின்னா என்ன? அம்மாகிட்டயே நிக்கட்டும்."

"அதுக்கு என்ன பேரு?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்தியும் முடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தேன். இவர் வாசலில் நின்றிருந்தார். கயிற்றைப் பார்த்தார். வாங்கி ஆணியில் மாட்டினார். "கடலை எங்க? குடு, பசிக்குது" என்றார். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இதுவரை எங்கேயும் எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

விடிந்ததும் ரத்தினாமணி ஒரு சொம்பு பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் பரண் மேல் ஏறிப் பழைய சொம்பைத் தேடி எடுத்து, அவள் சொம்புக்குத் துணையாக வைத்தேன். அவள் சொம்பைத் திருப்பும்போது என்னுடையதையும் சேர்த்து ரெண்டிலும் எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். முருங்கைக்காய் இருக்கிறது.

காபி போட்டுக் கொண்டுபோனேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லாம் தெரிந்துகொண்டே, "நல்லா இருக்குதே, யாரு வூட்டுப் பாலு?" என்று கேட்டார்.

பழகின வாய், "தம்பி..." என்று எடுத்துவிட்டது. நிறுத்தினேன்.

"ரத்தினா வூட்டுப் பாலுங்க" என்றேன்.